கீழ் லயத்தில் ஒரே ஒரு புள்ளி

அந்தக் கணக்கெடுப்புப் பாரத்தில் வீட்டு நம்பருக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. பிச்சைக்கு இன்றுவரை ஆறாத கோபம் அதன்மேல்தான். பேர், வயசு, என்ன வேலை, எத்தனை பிள்ளை, எந்தத் தண்ணீர், என்ன சீக்கு என்று ஒரு முழ நீளத்துக்குக் கேள்வி அடுக்கத் தெரிந்த படித்த பிள்ளைகளுக்கு, இப்போது இருக்கிற வீடு எது, அப்போது இருந்த வீடு எது என்று இரண்டு கட்டம் போடத் தெரியவில்லை. அவர்களுக்கே தோன்றாதது, நாலாம் வகுப்போடு நின்றுவிட்டுத் தோட்டத்து டிராக்டர் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு எப்படித் தோன்றும்? இப்படித் தனக்குத் தானே பல வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டான். மனசு கேட்பதாக இல்லை. அந்தக் கட்டத்தில் விழுந்த நம்பர்களில் பாதி அவன் வாயிலிருந்து போனவை.

அதனால் கெட்டது அகத்தாவின் பேர்.

பீடோங்கிலிருந்து செம்மண் சடக்கில் ஆறு மைல் உள்ளே போனால் கல்லுமேட்டுத் தோட்டம். பாதி கித்தா என்கிற ரப்பர், பாதி எண்ணெய்க்கான செம்பனை. மேட்டில் நாற்பது வீடு, அது மேல் லயம். பள்ளத்தில் இருபது வீடு, அது கீழ் லயம். மேல் லயத்துக்கு எழுபத்தொன்பதிலேயே குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. கீழ் லயத்துக்கு அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தொரை மாறி தொரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரு கிணறு. கிணற்றுக்கு மேலே, நூறு அடி தள்ளி, மருந்துக் கொட்டகை. புல்லுக்கு அடிக்கிற விஷத்தை அங்கேதான் கலப்பார்கள். வேலை முடிந்து, முதுகில் சுமக்கிற மருந்துத் தோம்புகளை அங்கேதான் கழுவுவார்கள். கழுவின தண்ணீர் கால்வாயில் இறங்கிப் பள்ளத்துக்குப் போகும்.

அகத்தா எழுபத்தாறிலிருந்து மருந்தடிக்கிற கூட்டத்தில் இருந்தாள். முதுகில் தோம்பு, கையில் குழாய், முகத்தில் ஒரு பழைய துண்டு. நாலு கேலன் தண்ணீரைச் சுமந்துகொண்டு செம்பனை வரிசையில் ஏறி இறங்குகிற வேலை. ஆண்கள் அந்த வேலைக்கு வரமாட்டார்கள். புருஷன் இஞ்ஞாசிமுத்து ஜோகூருக்கு லோரி வேலைக்கென்று போனவன், இரண்டு தீபாவளி, இரண்டு கிறிஸ்மஸ் கழித்தும் வரவில்லை. மூன்றாவது கிறிஸ்மஸுக்கு அவள் அவன் சட்டைகளை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்து, கூட்டத்துப் பெண்களுக்கு முகத்தில் கட்டக் கொடுத்துவிட்டாள்.

"கல்யாணத்துக்கு எடுத்த சட்டடி, பத்திரமா கட்டிக்க. அந்த ஆளுக்குத்தான் ஒதவல, ஒன் மூக்குக்காச்சும் ஒதவட்டும்" என்று சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். அப்படிப்பட்ட பொம்பளை. காலையில் ஆளெடுக்கிற பெரட்டில் கங்காணி நின்று கத்தினால், "மெதுவாங்க, பல்செட்டு விழுந்துடப் போவுது" என்று பின் வரிசையிலிருந்து குரல் வரும். யார் என்று கங்காணிக்குத் தெரியும். ஒன்றும் செய்யமாட்டார். அவளைப் போல வரிசையை முடிக்கிற ஆள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

ஒரே பிள்ளை, ஜெரார்ட். எண்பத்து நாலாம் வருஷம், ஒன்பது வயசில் செத்துப்போனான். மூன்று மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, கண் மஞ்சளாகி, கால் வீங்கி, கடைசியில் மூத்திரமே நின்றுவிட்டது. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கிற டிரெசர் வந்து பார்த்துவிட்டு, வாசலில் கிடந்த தோம்பையும் கொடியில் தொங்கின வேலைச் சேலையையும் கண்ணால் காட்டினார்.

"மருந்துத் துணியோட வந்து புள்ளயத் தூக்குவ, மடியில போட்டுப்ப. வேற எப்படி இருக்கும்?"

அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு சொல் அன்று மாலைக்குள் இரண்டு லயத்தையும் சுற்றி வந்துவிட்டது. மகனுக்குத் தாயே விஷம் வைத்தாள் என்கிற அளவுக்கு அது வளர்ந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவைக்கிற ஆயாக்கொட்டகை வழியாக அவள் போனால், ஆயா தவழ்கிற பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வாள். ஒருநாள் பிச்சையே அதைப் பார்த்தான். அகத்தாவும் பார்த்தாள். கொட்டகைக்கு எதிர்ப்பக்கமாகச் சாலையைத் தாண்டி நடந்து போனாள். அன்றைக்குப் பிறகு தினமும் அந்தப் பக்கமாகத்தான் நடந்தாள்.

கிணறுதான் காரணம் என்று அவள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். "எம் வீடு மட்டுமா சாவு விழுந்த வீடு? கீழ இருந்து எத்தன பேரு போயிருக்காங்க, எண்ணிப் பாருங்க" என்பாள். எண்ண யாரும் தயாராக இல்லை. ஒருத்தன் செத்தது சம்சுச் சாராயத்தால், ஒருத்தி செத்தது பிரசவத்தால், ஒரு பிள்ளை செத்தது காற்றுக் கருப்பால் என்று ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கதை ஏற்கெனவே இருந்தது. பிச்சையின் மனைவி காளியம்மா எண்பத்து மூன்றில் அதே மாதிரிக் கால் வீங்கித்தான் போனாள். மாரியம்மன் நேர்த்திக்கடன் பாக்கி என்று பிச்சை முடிவு கட்டியிருந்தான்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கல்லுமேட்டில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், கருமாதி முடிந்ததும் அந்த வீட்டை விட்டுவிடுவார்கள். ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி பரஞ்சோதியிடம் போய் நின்றால் மேல் லயத்தில் காலியான வீடு கொடுப்பார். கீழிருந்து மேலே போக வேறு வழியே கிடையாது. வீட்டில் ஒரு பிணம் விழ வேண்டும். விடியற்காலையில் சாமான் ஏற்றுவார்கள். விளக்குமாற்றையும் அடுப்புக் கல்லையும் பழைய வீட்டிலேயே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். அதோடு அந்த வீட்டு நம்பரை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் போன உயிர் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பின்னாலேயே வந்துவிடும். பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டு அட்டையில் எழுதியிருக்கிற பழைய நம்பரைக்கூட மை தடவி அழிப்பார்கள். காலியான வீட்டில் வெளியூரிலிருந்து குத்தகை வேலைக்கு வருகிறவர்களைக் கிராணி குடிவைப்பார். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அகத்தா போகவில்லை. மேலே வீடு தருகிறேன் என்று கிராணி கூப்பிட்டும் பதினாலாம் நம்பரிலேயே இருந்தாள். "எங்க கோயில்ல அப்படியெல்லாம் கெடையாது கிராணி. எம் புள்ள படுத்த பாய் அங்கதான் கெடக்கு" என்றாள். மாதம் ஒருமுறை பஸ் பிடித்துச் சுங்கைப் பட்டாணி மாதா கோயிலுக்குப் போய், மகன் பேருக்குப் பூசை வைத்துவிட்டு வருவாள்.

எண்பத்தேழு பிப்ரவரியில் பல்கலைக்கழகத்து வேன் வந்தது. இறங்கினது இரண்டு பேர். ரமணி, சுங்கைப் பட்டாணியில் ஒரு வாத்தியாரின் மகள். ஹாலிம், யான் என்கிற ஊரில் நெல் விவசாயம் செய்கிற குடும்பத்துப் பையன். இரண்டு பேரும் கடைசி வருஷம். தோட்டத்துச் சீக்குகளைப் படம் போடப் போகிறோம் என்றார்கள். தொரை முதலில் முகம் சுளித்தார். பிறகு என்ன கணக்குப் போட்டாரோ, பிச்சையைக் கூப்பிட்டு, டிராக்டரை நிறுத்திவிட்டு நாலு நாள் இவர்களோடு சுற்று என்றார்.

முதல் நாள் மாலை ரமணி கீழ் லயத்துக் கிணற்றடியில் ஒரு பெரிய காகிதத்தை விரித்து வைத்தாள். சுற்றிப் பெண்கள் நின்றார்கள்.

"இதப் பாருங்கக்கா. தோட்டத்த இப்படிக் கட்டம் கட்டமா பிரிச்சிடுவோம். ஒரு தாள்ல வீடு மட்டும். இன்னொரு தாள்ல தண்ணி மட்டும். இன்னொன்னுல மேடு பள்ளம். இன்னொன்னுல யாருக்கு என்ன சீக்கு. எல்லாத்தையும் நம்பரா மாத்திக் கம்ப்யூட்டர்ல போட்டா, அது ஒன்னு மேல ஒன்ன வச்சிப் பாக்கும். ஜியாகிரபிக் இன்பர்மேஷன் சிஸ்டம்னு சொல்லுவாங்க. சீக்கு எங்க குமியுதுன்னு தெரிஞ்சிடும்."

"அந்தப் பொட்டி எவ்ளோ பெருசு?" என்று கேட்டாள் மருதம்மாள். மேல் லயத்துக்காரி, குழாயில் கூட்டமென்று துணி துவைக்கக் கீழே வந்திருந்தாள்.

"ஒரு ரூம் அளவு இருக்கும்கா."

"அடியாத்தி! எங்க வீட்ட விடப் பெருசா? அப்ப அதுக்குக் கிராணி கிட்ட சொல்லி மேல ஒரு வீடு கேளுலா."

எல்லோரும் சிரித்தார்கள். அகத்தா சிரிக்கவில்லை. காகிதத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா, இந்தத் தண்ணிய எடுத்துட்டுப் போயி சோதிக்க மாட்டீங்களா?"

"அது எங்ககிட்ட இல்லக்கா. ஆனா கிணத்தச் சுத்திப் புள்ளி குமிஞ்சிருந்தா, அந்தப் படத்தக் காட்டி சுகாதார இலாகாவக் கூப்பிடலாம். அவங்க வந்து சோதிப்பாங்க."

"துணியா கெணறான்னு அது சொல்லுமா?"

ரமணிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. பிச்சை தலையைக் குனிந்துகொண்டான். அகத்தாவே எல்லாவற்றையும் சொன்னாள். மகன், டிரெசர், கொடியில் தொங்கின சேலை, ஆயாக்கொட்டகை. சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"துணின்னா எம் வீட்ல மட்டும் புள்ளி இருக்கும். கெணறுன்னா சுத்தி இருக்கும். அப்படித்தான?" என்றாள்.

 படித்த பிள்ளைக்கே அவ்வளவு சுருக்காகச் சொல்ல வந்திருக்காது. "அப்படித்தான்கா. சொல்லும்" என்றாள் ரமணி.

அந்த நாலு நாளும் அகத்தா ஆளே மாறிப்போனாள். வேலை முடிந்து வந்து குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு மாணவர்கள் பின்னாலேயே போனாள். ஹாலிமுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். அவன் குடிப்பதற்குமுன், "மேல் லயத்துக் குழாய்த் தண்ணிதான், பயப்படாத" என்று மலாயில் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள். அவனும் சிரித்துக்கொண்டு குடித்தான்.

வேலை நேரத்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. அப்போதெல்லாம் ரமணி பிச்சையிடம் கேட்டாள். அவனுக்கு எல்லோரையும் தெரியும்.

"மருதம்மாள் வீட்ல அஞ்சு வருசத்துல யாராச்சும் தவறினாங்களா அண்ணே?"

"மக ஒன்னு. பதினோரு வயசு."

"என்ன சீக்கு?"

"காலு வீங்கி, கண்ணு மஞ்சளா..."

"வீட்டு நம்பர்?"

"நாப்பத்தொன்னு."

அது மேல் லயத்து நம்பர். மருதம்மாள் இருக்கிற வீடு அதுதான். அவன் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான். அழகம்மா புருஷனுக்கு, பிரேமாவதியின் தம்பிக்கு, இன்னும் ஒரு வீட்டுக்கு அவனே நம்பர் சொன்னான். ஆள் இருந்த வீடுகளிலும் அதே கதைதான். வீட்டு நம்பர் என்றதும் எல்லோரும் தலைக்கு மேலே கதவில் எழுதியிருந்ததைக் கையால் காட்டினார்கள்.

கடைசியாக ரமணி பாரத்தைத் திருப்பிக்கொண்டு, "உங்க வீட்ல அண்ணே?" என்றாள்.

"சம்சாரம்."

"நம்பர்?"

 காளியம்மா செத்தது கீழ் லயத்தில் ஒன்பதாம் நம்பரில். அந்த ஒன்பது தொண்டை வரைக்கும் வந்தது. வேனைத் தாண்டி, அவன் மகள் குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தாயைப் போல மெலிந்த பெண். அந்த நம்பரைச் சொல்லி, போனவள் இவளைத் தேடிக்கொண்டு வந்துவிட்டால்?

"முப்பத்தேழு" என்றான்.

ரமணி எழுதிக்கொண்டாள்.

ஜூன் மாதம் படம் வந்தது. ஓரத்தில் ஓட்டை போட்ட அகலமான காகிதம், நாலைந்து தாளை ஒட்டி ஒன்றாக்கியிருந்தார்கள். எழுத்தும் கோடும் நட்சத்திரமுமாகத் தோட்டம் முழுக்க அதில் இருந்தது. ஆயாக்கொட்டகையில் பெஞ்சு போட்டுத் தொரை, கிராணி, டிரெசர் உட்கார்ந்திருந்தார்கள். ஜனம் வெளியே நின்றது. அகத்தா முன்னால் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தக் கொட்டகைக்குள் அவள் கால் வைத்து மூன்று வருஷமாகியிருந்தது.

ஹாலிம் கம்பால் காட்டினான். சாவு விழுந்த வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்புப் புள்ளி. மொத்தம் ஒன்பது. மேல் லயத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டு. கிணற்றைச் சுற்றி வெள்ளையாக இருந்தது. கீழ் லயத்தில் ஒரே ஒரு புள்ளி.

ரமணி முதலில் தமிழில் பேச வாயெடுத்தாள், பிறகு இங்கிலீஷில் தொரையிடம் சொன்னாள். கிராணி எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தமிழாக்கினார்.

"கெணத்துக்கும் சீக்குக்கும் சம்பந்தம் இல்லன்னு கம்ப்யூட்டரே சொல்லிருச்சி. கெணத்துத் தண்ணி குடிக்கிற எடத்துல ஒரே ஒரு வீடுதான். அது யாரு வீடுன்னு ஒங்களுக்கே தெரியும்."

டிரெசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் அப்போதே சொன்னேனே என்று அதற்குப் பொருள்.

அகத்தா தூணை விட்டாள். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. ரமணி, "அக்கா, அக்கா" என்று பின்னால் ஓடினாள். அவள் திரும்பவில்லை. ஒரு பெண் தன் இடுப்பிலிருந்த பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினாள். பிச்சை கொட்டகை வாசலில் நிறுத்தின டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து சுருட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்த எட்டுப் புள்ளியில் தன்னுடையது எது என்று அவன் கண் தேடியது. கண்டுபிடித்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முப்பத்தேழாம் வீட்டில் யாருமே சாகவில்லை. எழுந்து சொல்லியிருக்கலாம். தொரை இருந்தார், கிராணி இருந்தார், ஊரே நின்றது. சொல்லவில்லை.

படத்தைக் கிராணி ஆபீஸில் தன் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டிவைத்தார். அடுத்த சம்பள நாளில் அகத்தா கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"நகருலா, நாங்கல்லாம் பசார் போவ வேணாமா?"

அவள் விரலை நீட்டி, மேல் லயத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். நாற்பத்தொன்று, மருதம்மாள். முப்பத்தேழு, பிச்சை. ஐம்பத்திரண்டு, அழகம்மா. எட்டையும் தொட்டு முடித்தாள். பிறகு பெரிதாகச் சிரித்தாளாம். பைத்தியம் பிடித்துவிட்டது என்று அன்றைக்குப் பேசிக்கொண்டார்கள்.

அங்கிருந்து நேராகப் பிச்சை வீட்டுக்கு வந்தாள்.

"பிச்சண்ணே, அண்ணி எங்க செத்தாங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில" என்று மழுப்பினான்.

"எந்த வீட்லேர்ந்து தூக்குனோம்னு கேக்கறேன். நானுந்தான ஒரு பக்கம் தூக்கினேன்."

பிச்சை உள்ளே திரும்பிப் பார்த்தான். மகள் சமையலறையில் இருந்தாள். "மெதுவாப் பேசு" என்றான்.

"எட்டுப் பேரும் கீழதாண்ணே செத்தாங்க. ஒருத்தர் விடாம. கெணத்தச் சுத்தி. நீங்கள்லாம் புள்ளியத் தூக்கிக்கிட்டு மேல வந்துட்டீங்க. நான் மட்டும் அங்கயே ஒக்காந்திருந்தேன். அதனால நான் மட்டும் கொலகாரி."

"நான் வேணும்னு சொல்லல அகத்தா."

"தெரியும். இப்ப வேணும்னு சொல்லுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் விசாரித்துக்கொண்டு ரமணி வீட்டைக் கண்டுபிடித்துப் போனாள். ரமணி அழுதாளாம். கம்ப்யூட்டரில் மாற்றுவது ஒருநாள் வேலைதான், ஆனால் அந்தந்த வீட்டுக்காரர்களே பழைய நம்பரைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், வேறு ஒருத்தர் சொல்லி மாற்றினால் தங்கள் பேராசிரியர் ஏற்கமாட்டார் என்று, எட்டுப் புதுப் பாரத்தைக் கொடுத்து அனுப்பினாள். அதில் இரண்டு கட்டம் இருந்தது.

எட்டுப் பாரத்தையும் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அகத்தா வீடு வீடாகப் போனாள். அழகம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். பிரேமாவதி, "எங்களுக்கு இருக்கிற ஒரு தம்பியும் போவணுமா?" என்று கேட்டு அழுதாள். மருதம்மாள்தான் மோசம். வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

"எம்புள்ளய நான் வழியனுப்பிட்டு வந்தவ. அவள திரும்பக் கூப்பிடச் சொல்றியாடி? ஓம் புள்ளயத் தின்ன, இப்ப எம் மீதிப் புள்ளைங்களயும் தின்னணுமா?"

அகத்தா தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே, "நீ சொல்ல வேணாம் மருதம்மா. கையால எழுது. வாயால சொன்னாத்தான தோஷம்?" என்றாள். யோசித்துப் பார்த்தால் நியாயமான பேச்சு. மருதம்மாளுக்கு எழுதத் தெரியாது. அந்த எட்டு வீட்டுப் பெரியவர்களில் எழுதத் தெரிந்தது பிச்சை ஒருவனுக்குத்தான். அவன் பாரம் மட்டும் மூன்று முறை அவன் வீட்டுக்கு வந்து, மூன்று முறையும் காலியாகத் திரும்பிப் போனது.

கடைசியில் அவள் பேச்சை விட்டுவிட்டாள். கீழ் லயத்தில் புதிதாக வந்த குத்தகைக் குடும்பம் ஒன்றில் கைக்குழந்தை இருந்தது. புஷ்பவள்ளி என்று ஒரு சின்னப் பெண், அதன் தாய். கிணற்றில் அவள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தபோது, அகத்தா அரிவாளை எடுத்துவந்து கயிற்றை அறுத்துவிட்டாள். வாளி உள்ளே போய் விழுந்தது. மறுநாள் புதுக் கயிறு போட்டார்கள். அதையும் அறுத்தாள். மேல் லயத்துக் குழாயிலிருந்து இரண்டு குடம் சுமந்துவந்து புஷ்பவள்ளி வாசலில் வைத்தாள். அவளோ, இது மருந்துக்காரி தொட்ட தண்ணீர் என்று யாரோ சொல்லக் கேட்டு, இரண்டு குடத்தையும் சாக்கடையில் ஊற்றினாள்.

மூன்றாவது கயிற்றுக்குக் கிராணி வந்தார். படத்தில் கீழே இருக்கிற ஒரே கெட்ட வீடு இந்தப் பதினாலுதான், சுகாதாரத்துக்கு ஆகாது, இடிக்கச் சொல்லித் தொரை உத்தரவு என்றார். அகத்தாவை மேல் லயம் நாற்பத்து நாலுக்கு மாற்றினார்கள். சாமான் ஏற்ற டிராக்டர் கொண்டுபோனது பிச்சைதான். பாயைச் சுருட்டித் தானே தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள், வண்டியில் வைக்க விடவில்லை. பதினாலாம் நம்பரை ஒரே நாளில் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கிணறு அப்படியே இருந்தது.

எண்பத்தெட்டு மார்ச்சில் அவளுக்கும் கால் வீங்கியது. முகமும் வீங்கினபோது ஒருநாள் கூட்டத்துப் பெண்கள் அவளைச் செம்பனைக் காட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிச்சை ஒரு டாக்சி பிடித்துச் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். வாரத்துக்கு இரண்டு முறை வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தான். வேறு யாரும் போகவில்லை. கோயிலிலிருந்து ஒரு வயசான சிஸ்டர் மட்டும் வந்து ஜெபமாலை சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு மாலை அவன் போனபோது, தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்து உட்காரவைத்திருந்தார்கள். உதடு கறுத்துப் போயிருந்தது. ஆனாலும் அவனைப் பார்த்ததும் பழைய குரல் கொஞ்சம் வந்தது.

"வாங்க. டிராக்டரா, மோட்டாரா?"

"மோட்டார்தான்."

"டிராக்டர் எடுத்துட்டு வந்திருக்கலாம்ல. திரும்பிப் போறப்ப என்னயும் ஏத்திக்கிட்டுப் போயிருப்பீங்க."

"சும்மா இரு."

"புஷ்பவள்ளி புள்ள எப்படி இருக்கு?"

பிச்சை வாங்கிவந்த ஆரஞ்சுப் பழங்களைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். ஒன்று உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டான். பிள்ளைக்கு முந்தின வாரமே கண் மஞ்சளாகிவிட்டது. பீடோங்கில் ஒரு மந்திரக்காரரிடம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தான்.

"ஒக்காருங்கண்ணே. மெத்தைக்கு அடியில பையி இருக்கு, எடுங்க."

எடுத்தான். அதே பிளாஸ்டிக் பை. எட்டுப் பாரமும் இருந்தன, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தன. கூடவே ஒன்பதாவதாக ஒரு பாரம். சிஸ்டரை விட்டு ரமணிக்கு எழுதிக் கேட்டு வரவழைத்ததாம். அதில் அகத்தாவின் பேரை ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி எழுதிக் கொடுத்திருந்தாள். வீட்டு நம்பருக்கான இரண்டு கட்டமும் காலியாக இருந்தன.

"நான் செத்தா கிராணி மேல் லயம் நாப்பத்து நாலுன்னு எழுதுவாரு. எழுதினா எம் புள்ளியும் மேல வந்துரும். அப்புறம் கீழ ஜெரார்ட் மட்டுந்தான் இருப்பான், வீடும் இல்லாம" என்றாள். மூச்சு வாங்கினாள். "நீங்க ஆபீசுக்குப் போயி அவரு முன்னால நில்லுங்க. கீழ் லயம் பதினாலுன்னு எழுத வைங்க. எழுதற வரைக்கும் அந்த எடத்த விட்டு நகராதீங்க. ஏன்யா ஒனக்கு இந்த வேலன்னு கேப்பாரு. கேட்டா, எல்லாருக்கும் காது கேக்கற மாதிரி, ஒங்க பழைய நம்பர மொதல்ல சொல்லுங்க."